ரைஹான் தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

மல்லவி
9 நவம்பர் 1987

அன்புள்ள யூனானின் அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் மகனும் சுகம். பாக்தாத்தில் உங்கள் சுகத்தையும், பேக்கரி அடுப்பின் வெக்கையில் உங்கள் கண் எரிச்சல் குறைந்ததா என்பதையும் எழுதவும்.

சுகம் என்று எழுதிவிட்டேன், கை அப்படிப் பழகிவிட்டது. மகனுக்கு அத்தனை சுகமில்லை. பால் குடிக்கும்போதே களைத்துப்போகிறான். நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கிறது. அழுதால் உதடு கறுத்து நீலம் பாய்கிறது. மின்யா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய ஒரு குழாய் இதயத்துக்குப் பக்கத்தில் மூடாமலே இருக்கிறதாம். குளிர்காலம் முடிவதற்குள் கெய்ரோவில் அறுவை செய்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர்.

பக்கத்து வீட்டுத் திரேஸா அக்கா தினமும் வருகிறாள். வந்தால் சும்மா இருக்கிறாளா?

"நாப்பதாம் நாளே எங்க கோப்டிக் கோயில் பாதிரியார் அபூனாகிட்ட கொண்டுபோய் முழுக்கி எடுத்திருக்கணும். உன் வீட்டுக்காரர் வேதத்தைப் படிச்சுப் படிச்சே பிள்ளையை வெறும் பிள்ளையா வச்சிருக்கார்."

"பிள்ளை வளரட்டும், தானே விசுவாசிக்கட்டும், அப்புறம் ஞானஸ்நானம் எடுக்கட்டும்னு அவர் சொல்லிட்டுத்தான் போனார் அக்கா. எங்க சபையில அப்படித்தான்."

"வளரட்டும். வளர்ந்தா சரி" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். பாத்திரம் எல்லாம் ஏற்கனவே துலக்கியாகிவிட்டது.

நான் கர்த்தரை நம்பியிருக்கிறேன். எனக்குப் பயமில்லை. நீங்கள் கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள்
நர்கிஸ்


பாக்தாத்
29 நவம்பர் 1987

என் நர்கிஸுக்கு,

நம் ஆண்டவரின் சமாதானம் உன்னோடும் என் குட்டி யூனானோடும் இருக்கட்டும். கண் எரிச்சல் தேவலை. உன் கடிதம் வந்த அன்று முழுக்க நான் எதையும் சாப்பிடவில்லை. பிறகு கடைசி வரிகளை மறுபடி படித்தேன். எழுந்து முகம் கழுவினேன்.

இந்த அறையில் ஐந்து பேர் இருக்கிறோம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இரவு ஃபூல் பயற்றுப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது உன் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். சொஹாகிலிருந்து வந்த பகீத், மாவு பிசைகிறவன், கல்யாணத்துக்கும் உயிர்ப்புப் பண்டிகைக்கும் மட்டும் தேவாலயத்துக்குப் போன ஆள், என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி பயப்படலையா அண்ணே?"

"பயமில்லைன்னு எழுதியிருக்கா பாரு."

அறையில் எதற்கும் கேலி பேசும் ஸாபிர் உடனே ஆரம்பித்துவிட்டான். "பிரசங்கியாரே, பயமில்லைன்னு எழுதுற பொண்டாட்டிய நம்பலாம். பயமில்லாத பொண்டாட்டிய நான் இன்னும் பார்க்கல."

எல்லோரும் சிரித்தார்கள். பகீத் சிரிக்கவில்லை. நான் அவர்களுக்கு இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றிச் சொன்னேன். நாம் அவரைப் பிடித்திருப்பதால் அல்ல, அவர் நம்மைப் பிடித்திருப்பதால் விழமாட்டோம் என்று சொன்னேன். நான் பத்து முறை பிரசங்கித்தும் அசையாதவன் உன் ஒரு கடிதத்தில் அசைந்திருக்கிறான் நர்கிஸ். இன்னும் எழுது. விரிவாக எழுது.

முதலாளி பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். லீவில் ஸாபிர் முறைதான் முதலில், எனக்குக் கோடை வருமுன் கிடையாது என்கிறார். கெய்ரோவுக்கு நீதான் போக வேண்டியிருக்கும். திரேஸா அக்கா பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

உன்
ஹில்மி


மல்லவி
16 டிசம்பர் 1987

அன்புள்ள யூனானின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அங்கே எல்லோருக்கும் என் வாழ்த்துகள். உங்கள் கம்பளிச் சட்டையின் முழங்கை கிழிந்திருக்கும். நூல் அனுப்புகிறேன், நீங்களே தைத்துக்கொள்ளுங்கள், ஸாபிரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

என் கடிதத்தை நான்கு பேர் கேட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து, பேனாவை எடுத்தாலே என் தோளுக்கு மேல் நான்கு தலைகள் எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது. நாலு வரி எழுதி நிறுத்திவிடுகிறேன். மகன் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. அப்போதும் அவன் மூச்சை ஒரு காதால் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

ஒரு கேள்வி. இதை மட்டும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

அசியூத்தில் கல்லூரியில் படித்தபோது, பெண்கள் ஜெபக் கூட்டத்தில் நான் விசுவாசித்தேன். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. இந்தக் கடிதத்தை முடிக்காமலே நான் செத்தாலும் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியும். அது எனக்கு. யூனானுக்கு? அவனுக்கு இன்னும் "அம்மா" என்றுகூட வாய் வராது. அவன் எதைக் கேட்டு, எதை விசுவாசிப்பான்? நாம் அவனுக்காக ஒன்றும் செய்யாமல் வைத்திருக்கிறோம். வளரட்டும் என்று சொன்னோம். வளர நேரம் இருக்கிறது என்று நாம் எப்படி அத்தனை உறுதியாக இருந்தோம்?

எழுதியதை அடித்துவிடப் பார்த்தேன். மை பரவி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. போகட்டும், பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

எனக்குப் பயமில்லை.

நர்கிஸ்


பாக்தாத்
6 ஜனவரி 1988

என் அன்பு நர்கிஸுக்கு,

நலம், நலமறிய ஆவல். முதலில் சந்தோஷச் செய்தி. பகீத் விசுவாசித்துவிட்டான்! வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், மாவு மூட்டைகளுக்கு நடுவே முழங்கால் போட்டான். தலைமுடியெல்லாம் மாவு, கண்ணீர் பட்ட இடத்தில் மட்டும் கோடு. "எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது அண்ணே" என்றான். "தெரிஞ்சதைச் சொல்லு" என்றேன்.

"ஆண்டவரே, அந்த அண்ணி நம்புற மாதிரி என்னையும் நம்ப வையும்" என்றான்.

எத்தனை பெரிய சாட்சி பார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கையில் சீக்காளிக் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் நீ ஒரு ஆத்துமாவை ஆதாயம் செய்துவிட்டாய். பகீத்தின் அம்மாவுக்கு எப்படி எழுதுவது, அவனை இங்கே சகோதரர்கள் கூடும் வீட்டுக்கு எப்போது அழைத்துப்போவது என்றெல்லாம் நாலைந்து நாளாக இதே பேச்சுதான்.

நீ கேட்டது பற்றி: குழந்தைகள் அவருடைய கையில் இருக்கிறார்கள். சந்தேகம் வேண்டாம். சந்தேகம் சத்துருவின் வேலை.

அறுவை தேதி தெரிந்ததும் எழுது. நாங்கள் எல்லோரும் ஜெபிப்போம்.

உன்
ஹில்மி


மல்லவி
21 ஜனவரி 1988

அன்புள்ள யூனானின் அப்பாவுக்கு,

உங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வாழ்த்துகள். நாளை மறுநாள் ரயிலில் கெய்ரோ போகிறோம். திரேஸா அக்கா கூட வருகிறாள். அறுவை 28ஆம் தேதி.

முந்தாநாள் ஆண்டவர் ஞானஸ்நானம் எடுத்த பண்டிகை அல்லவா, அக்கா சேப்பங்கிழங்குக் குழம்பும் ஒரு கட்டுக் கரும்பும் கொண்டுவந்தாள். கரும்பை உரித்துச் சாற்றை விரலில் தொட்டு யூனான் நாக்கில் வைத்தேன். முகத்தை எப்படிச் சுளித்தான், பிறகு இன்னும் கொடு என்று விரலைப் பிடித்துக்கொண்டான்! நீங்கள் பார்க்க வேண்டும்.

பெட்டி கட்டியாகிவிட்டது. இன்று அவனை வெந்நீரில் குளிப்பாட்டினேன். பேசின் தண்ணீரைக் கீழே விடாமல் பால்கனியில் ரைஹான் துளசித் தொட்டியிலேயே ஊற்றிவிட்டோம், நான் ஊரில் இல்லாத நாளில் செடி வாடிப்போகக் கூடாது.

பகீத்துக்கு என் வாழ்த்து. என்னைப் பற்றி அவர் அத்தனை பெரிதாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம். ஜெபிக்கச் சொல்லுங்கள்.

நர்கிஸ்


கெய்ரோ
4 பிப்ரவரி 1988

யூனானின் அப்பாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பிழைத்துக்கொண்டான்! இப்போது என் மடியில் கிடக்கிறான். உதடு சிவந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அவன் உதட்டின் சொந்த நிறம் எதுவென்றே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கப் பால் குடித்துவிட்டு மறுபக்கத்துக்கும் சண்டை போடுகிறான்.

நம் சபையிலிருந்து சகோதரர் லபீப் வந்து பார்த்தார். "விசுவாசமுள்ள ஜெபம்" என்றார். அவர் போனதும் திரேஸா அக்கா வேறு ஒன்றைச் சொன்னாள். நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன். ஒரு வரி போதும்.

நர்கிஸ்


மல்லவி
12 மார்ச் 1988

அன்புள்ள யூனானின் அப்பாவுக்கு,

உங்கள் சுகத்துக்கு எழுதவும். வேறு எதையும் கேட்கவில்லை. சுகமா என்று மட்டும்.

பாக்தாத்தில் ஏவுகணை விழுகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். எந்தத் தெரு என்று சொல்வதில்லை. பேக்கரி எந்தப் பக்கம், ஆற்றுக்கு இந்தக் கரையா அந்தக் கரையா? இத்தனை கடிதத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. டெலிபோன் ஆபீசில் மூன்று மணி நேரம் நின்றேன். "லைன் இல்லம்மா, வீட்டுக்குப் போங்க. கைக்குழந்தையோட நிக்காதீங்க" என்றான் அங்கிருந்த பையன்.

ஜனவரி 6க்குப் பிறகு உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. மகன் பிழைத்ததற்குக்கூட ஒன்றும் இல்லை.

யூனான் உட்காரப் பழகிவிட்டான். சபையில் நான் இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறேன், திருவிருந்து அப்பத்தில் பங்கெடுக்காதவர்கள் உட்காரும் இடத்தில். யாரும் என்னை அங்கே போகச் சொல்லவில்லை. குழந்தை அழுகிறான், அதனால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

நர்கிஸ்


மல்லவி
3 ஏப்ரல் 1988

ஹில்மி,

ஸாபிர் லீவில் வந்திருக்கிறார். நேற்று வீட்டுக்கு வந்தார். "நல்லாத்தான் இருக்கார், ஒண்ணும் ஆகல" என்றார். தேநீர் கொடுத்தேன். கண்ணாடி டம்ளரோடு பால்கனிக்குப் போனவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, இதுதான் அந்தச் செடியா?" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் செடிக்கு ஊற்றிய தண்ணீரை வைத்தே எல்லாம் தெரிந்துகொண்டு, நீங்கள் உயிரோடு இருந்துகொண்டே எழுதாமல் இருந்திருக்கிறீர்கள்.

ஏவுகணை விழுந்த ஒவ்வொரு ராத்திரியும் உங்களை நான் மனதில் புதைத்து எடுத்தேன். அதற்கு ஒரு வரி எழுத உங்களுக்கு மனம் வரவில்லை.

ஆமாம். முழுக்கினேன். கெய்ரோ போகும் முன் அக்காவோடு அபூனா மீகாயிலிடம் போனேன்.

"தகப்பனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அபூனா.

"தகப்பன் பாக்தாத்துல அபூனா, பிள்ளை இங்க" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு திரேஸா. நான் பெத்தவளைக் கேக்குறேன். மகளே, நம்பிக் கேக்குறியா, பயந்து கேக்குறியா?"

"பயந்து" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை அன்றுதான் முதல்முறை வந்தது. உங்களுக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் வரவில்லை.

"சரி, காலையில கொண்டு வா. இங்க யாரும் வேற மாதிரி வர்றதில்ல" என்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் பகீத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினீர்கள், உங்கள் மகனைப் பற்றி மூன்று வரி எழுதினீர்கள். மூன்றும் நீங்கள் எல்லோருக்கும் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் இருக்கிற வரிகள். அந்த மூன்று வரியைப் பிடித்துக்கொண்டு அவனை அறுவை அறைக்குள் அனுப்பும் அளவுக்கு எனக்கு விசுவாசம் இல்லை. தண்ணீர் அவனை இரட்சிக்கும் என்று நான் நம்பவில்லை. இரட்சிக்காது என்று சத்தியம் பண்ணவும் என்னால் முடியவில்லை. என்னைப் பற்றிய நிச்சயம் எனக்கு எளிதாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளை என்று வந்ததும் அது கையில் நிற்கவில்லை.

என்னை நம்பித்தான் அந்த மனிதர் முழங்கால் போட்டார். அதை நினைக்காத நாளில்லை. ஆனால் நான் உங்களுக்கு எழுதினேன். ஊருக்கு எழுதவில்லை.

நர்கிஸ்


பாக்தாத்
24 ஏப்ரல் 1988

நர்கிஸ்,

உன் சுகத்தையும் மகன் சுகத்தையும் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் சுகம். பேக்கரி ஆற்றுக்குக் கிழக்கே. விழுந்தவை எல்லாம் எங்களுக்குத் தூரமாக விழுந்தன. அதை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் ஜனவரிக் கடிதம் வந்தது. வழக்கம்போல் எல்லோரும் உட்கார்ந்தோம், நான் உரக்க வாசித்தேன். சேப்பங்கிழங்கு என்றதும் நாக்கில் எச்சில் ஊறுகிறது என்றார்கள். ரைஹான் தொட்டிக்கு வந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"அண்ணே, நிறுத்துங்க" என்றான் பகீத். "அண்ணி பிள்ளையை முழுக்கிட்டாங்க."

"என்னடா உளர்றே?"

"பிள்ளை குளிச்ச தண்ணியை யாராவது பத்திரமாச் செடிக்கு ஊத்துவாங்களா? ஞானஸ்நானம் முடிஞ்ச முதல் குளியல்ல, உடம்புல பூசின பரிசுத்த தைலம் தண்ணியில இறங்கும். அதைச் சாக்கடையில விடக் கூடாது, யாரும் மிதிக்கக் கூடாது. எங்கம்மா என் தம்பிக்கு வாய்க்கால் வரைக்கும் பேசினைத் தலையில தூக்கிட்டுப் போனாங்க."

என் அம்மாவும் போனாள் நர்கிஸ். என் தங்கைக்கு. நானே கூட நடந்திருக்கிறேன். மறந்தே போயிருந்தது.

ஸாபிர் தொடையில் தட்டிச் சிரித்தான். "பிரசங்கியாரே, உங்க வீட்டு நிச்சயம் தொட்டியில இறங்கி மூணு முங்கு போட்டுருச்சே!"

நான் கடிதத்தை மடித்து எழுந்து வெளியே போய்விட்டேன். எனக்குக் கோபம் என்று அவர்கள் நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். கோபம் பிறகு வந்தது, அதை நானே தேடிப் பிடித்து வரவழைத்தேன். முதலில் வந்தது அது இல்லை. படிக்கட்டில் நின்றபோது என் நெஞ்சு லேசாகி, "அப்பாடா, முழுக்கிட்டா" என்று இருந்தது.

ஊர் ஊராக, தண்ணீரை நம்பாதீர்கள் என்று பிரசங்கித்தவன் நான். என் மகன் விஷயத்தில் என் நிச்சயம் படிக்கட்டுவரைகூட வரவில்லை. இதை உனக்கு எப்படி எழுதுவேன்? கோபம் என்று பொய் எழுதலாம். மூன்று முறை எழுதினேன், மூன்றையும் அடுப்பில் போட்டேன். உண்மையை எழுதத் தைரியம் இல்லை. அதனால் ஒன்றுமே எழுதவில்லை.

நானும் அன்றிலிருந்து இங்கே கடைசி வரிசையில்தான் உட்காருகிறேன். அப்பம் வந்தால் தொடாமல் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

பகீத் இப்போது கூட்டத்துக்கு வருவதில்லை. நான் வற்புறுத்தவில்லை. என்ன சொல்லி வற்புறுத்துவேன்? ஆனால் மாவு பிசைந்துகொண்டே தினமும் ஒரு முறை கேட்கிறான்: "பிள்ளை எப்படி இருக்கான் அண்ணே?"

எனக்கு ஒன்று மட்டும் எழுது. அவனைத் தண்ணீரில் இறக்கியபோது அழுதானா? அப்போது நீ எங்கே நின்றாய்? நான் அங்கே இல்லை. யாருக்கும் வாசித்துக் காட்டமாட்டேன்.

ஹில்மி


மல்லவி
15 மே 1988

அன்புள்ள யூனானின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன், இரண்டாம் நாள் அழுதேன். அதற்குப் பிறகு அடுப்பில் வைத்த சோறு கருகும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அழுதானா என்று கேட்டீர்கள்.

முதலில் என்னை மேற்கே பார்த்து நிற்கச் சொன்னார்கள். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, சாத்தானை வெறுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். சொல்லும்போதே, நான் இப்போது யாருக்கு முதுகைக் காட்டுகிறேன், சாத்தானுக்கா, உங்களுக்கா, கர்த்தருக்கா என்று குழம்பிப்போனேன். பிறகு கிழக்கே திரும்பினேன். தொட்டிக்குப் பக்கத்தில், அக்காவின் முழங்கையைப் பிடித்தபடி நின்றேன். தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. நான் கேட்காமலே அபூனா வெந்நீர் கலக்கச் சொல்லியிருந்தார்.

முதல் முழுக்கில் மூச்சடைத்துப்போனான். சத்தமே இல்லை. நானும் மூச்சு விடவில்லை. இரண்டாவதில் வீறிட்டு அழுதான், உதடு நீலம் பாய்ந்தது. "போதும் அபூனா" என்று கத்திவிட்டேன். அபூனா நிறுத்தவில்லை. மூன்றாவதில் எழுந்தபோது அவர் தாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வழக்கப்படி சிவப்பு நாடாவை மார்புக்குக் குறுக்கே கட்டி என் கையில் கொடுத்தார்கள்.

நான் காத்திருந்தேன். கல்லூரியில் விசுவாசித்த அன்று என் நெஞ்சில் ஒன்று வந்து அமர்ந்ததே, அது மாதிரி ஏதாவது வரும் என்று. வரவில்லை. அவன் உதடு முன்பு போலவே நீலமாகத்தான் இருந்தது. துண்டில் சுற்றினேன். அப்போது யூனான் தும்மினான். சின்னத் தும்மல். அந்தப் பெரிய தேவாலயத்தில் அது சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. "ஆண்டவரே, இது உமக்கும் கேட்டிருக்கும்" என்றேன். என்னிடம் இருந்த ஜெபம் அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டுதான் கெய்ரோவுக்குப் போனேன்.

அது விசுவாசமா, விசுவாசக் குறைவா என்று இன்னும் எனக்குத் தெரியாது. நீங்கள் வந்த பிறகும் நமக்குத் தெரியாமலே இருக்கலாம்.

போன ஞாயிறு சகோதரர் லபீபின் மனைவி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "முன்னாடி ஒரே புழுக்கம்" என்றார். முன்னால்தான் மின்விசிறி இருக்கிறது. யூனானை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அப்பம் வந்தது. நான் இன்னும் எடுக்கவில்லை. நீங்கள் வாருங்கள், எல்லாம் தெரிந்த இரண்டு பேராக எடுப்போம்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். பகீத்துக்கு மட்டும் வாசித்துக் காட்டுங்கள். நான் கத்தியதை விட்டுவிடாமல், அந்தத் தும்மல் வரைக்கும்.

உங்கள்
நர்கிஸ்